படிப்பைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்: தாய்மாரும் கேட்டுப் பார்க்கலாம்



சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், அதன் ஆங்கிலக் கொப்பியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கடைசிப் பக்கங்களில் பெரும்பாலும் ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ்க் கருத்து. 'லுக் அப்', 'லுக் ஆஃப்டர்', 'லுக் இன்ட்டு' என்று ஒரே சொல் மூன்று நான்கு வால்களோடு நிற்கும். பிள்ளை அதை இரவிரவாகப் பாடமாக்கும். பரீட்சை மண்டபத்தில் எந்த வாலுக்கு எந்தக் கருத்து என்பது குழம்பிப் போகும். "எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, நான் எப்படி உதவுவது?" என்று தாய் ஒதுங்கிக்கொள்வாள். அப்படி ஒதுங்க வேண்டியதில்லை.

ஒரு வினைச்சொல்லோடு ஒரு சின்னச் சொல் சேர்ந்து புதிய கருத்துத் தருவதை ஆங்கிலத்தில் 'ஃப்ரேஸல் வேர்ப்' என்கிறார்கள். இந்தப் பெயரைப் பரவச் செய்தவர் லோகன் பியர்சல் ஸ்மித் என்பவர், 1925இல் வந்த தமது நூலில். ஆனால் சிக்கல் அதைவிடப் பழையது. 1755இல் தமது புகழ்பெற்ற அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், பிற நாட்டவர்க்கு ஆங்கிலத்தில் மிகக் கடினமாக இருப்பது இதுதான் என்று முன்னுரையிலேயே எழுதிவைத்தார். ஆகவே உங்கள் பிள்ளை இதில் தடுமாறினால் மந்தபுத்தி என்று ஏசிவிடாதீர்கள்.

அதே சமயம், இது நமக்குப் புதுமையான விடயமும் அல்ல. தமிழில் 'சொல்லிக்கொடு' என்கிறோமே, அங்கே சொல்வது இருக்கிறது, ஆனால் கையில் எதைக் கொடுக்கிறோம்? இரண்டும் சேர்ந்து 'கற்பி' என்று ஆகிவிட்டது. 'கண்டுபிடி' என்பதில் யாரும் எதையும் கையால் பிடிப்பதில்லை. அரபு இலக்கணம் படித்தவர்களுக்கு இன்னும் எளிது. 'ரகிப' என்ற வினையோடு 'ஃபீ' சேர்ந்தால் 'விரும்பினான்'. 'அன்' சேர்ந்தால் 'வேண்டாமென ஒதுக்கினான்'. வால் மாறியதும் கருத்து தலைகீழாகிறது. இதை வீட்டிலே எடுத்துச் சொன்னால் பிள்ளையின் பயத்தில் பாதி குறையும்.

இனி, படிப்பு, ஞாபகம் பற்றிய சில சொற்களையே எடுத்துக்கொள்வோம். கருத்தைப் பாடமாக்குவதை விட, சொல்லுக்குள் இருக்கும் படத்தைப் பார்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

'சிங்க் இன்' என்றால் மெல்ல மெல்ல மனதில் பதிதல். 'சிங்க்' என்பது அமிழ்வது. காய்ந்த மண்ணில் மழைநீர் உள்ளிறங்குவது போல. நாம் "பாடம் மண்டையில் ஏறவில்லை" என்கிறோம். ஆங்கிலேயருக்கோ அது இறங்கவில்லை! ஒரே காரியம், நமக்கு மேலே போகிறது, அவர்களுக்குக் கீழே போகிறது. திடீரென்று வந்த செய்தி ஒன்று மனதில் உறைக்க நேரமெடுப்பதற்கும் இதே சொல்தான். 'டேக் இன்' என்பது வாசித்ததை உள்வாங்குதல். இதிலே கவனம் வேண்டும்: ஒருவர் 'டேக்கன் இன்' ஆனார் என்றால் அவர் ஏமாற்றப்பட்டார் என்ற பொருளும் உண்டு.

'பிரஷ் அப்' முன்பு கற்றுத் துருப்பிடித்துப் போனதை மீண்டும் மெருகேற்றுவது. முதன்முறையாகக் கற்பதற்கு இதைப் பாவிக்கக் கூடாது. எதையோ தேடி வாசித்து விவரம் சேர்ப்பது 'ரீட் அப்'. பரீட்சைக்காக விழுந்து விழுந்து படிப்பது பிரித்தானியர் வாயில் 'ஸ்வொட் அப்', அமெரிக்கர் வாயில் 'போன் அப்'. இந்த 'ஸ்வொட்' என்பது வியர்வையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வேறொரு வட்டார வடிவம்தான். வியர்க்க வியர்க்கப் படிப்பது! நம் பக்கத்தில் கேட்கும் 'மக் அப்' என்பதும் இந்தக் குடும்பமே. இவை பேச்சுக்குரியவை. அதிபருக்கு எழுதும் விண்ணப்பக் கடிதத்தில் இவற்றை எழுதினால் அழகாயிராது.

இத்தனையிலும் 'அப்' வருவதைக் கவனித்தீர்களா? ஒரு காரியத்தை முழுமையாகச் செய்து முடிக்கும் சாயலை அது பல இடங்களில் தருகிறது. 'ஈட் அப்' என்றால் மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிடு. நமது 'விடு' செய்யும் வேலை. எல்லா இடத்திலும் இந்தத் திறப்பு பூட்டைத் திறக்காது. வகுப்பில் உட்காராமல் காதாலே கேட்டுக் கேட்டு ஒரு மொழியைப் பொறுக்கிக்கொள்வது 'பிக் அப்'. அங்கே தரையில் கிடப்பதை எடுக்கும் படம்தான் பொருந்தும்.

ஞாபகத்துக்கு வருவோம். பாடமாக்கியதை மளமளவென்று ஒப்புவிப்பது 'ரீல் ஒஃப்'. தையல் மெஷினில் நூல்கட்டை சுழன்று நூல் கழன்று வருவதை நினைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. திரும்பத் திரும்பச் சொல்லி மண்டையில் பதிய வைப்பது 'ட்ரம் இன்ட்டு', அதாவது காதருகே மேளமடிப்பது. 'ட்ரெட்ஜ் அப்' என்பது துறைமுகத்தில் இயந்திரம் போட்டுத் தூர்வாருவது போல, அடியில் கிடந்த பழைய விடயத்தை மேலே இழுப்பது. கல்யாண வீட்டில் இருபது வருடத்துக்கு முந்திய மனஸ்தாபத்தைக் கிளறும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் உண்டல்லவா? அவர் செய்வது இதைத்தான். வேதனையான ஒன்றை நினைக்காதிருக்க மனக்கதவை அடைப்பது 'புளொக் அவுட்'.

எழுத்திலே ஒரு பொறி இருக்கிறது. 'லுக் அப்' என்றால் அகராதியில் தேடிப் பார்த்தல். 'அதை' என்று சொல்லும்போது அந்த 'இட்' நடுவிலேதான் வரவேண்டும்: 'லுக் இட் அப்'. 'லுக் அப் இட்' பிழை. ஆனால் ஒரு புத்தகத்தில் ஆழ்ந்து மூழ்குவதைச் சொல்லும் 'போர் ஓவர்' பிரியாது: 'போர் ஓவர் இட்' என்பதே சரி. ஆகவே ஒவ்வொன்றையும் 'இட்' சேர்த்த ஒரு சிறு வசனமாகவே எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

இனித் தாயின் பங்கு. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன் அறிஞர் கருத்தில்லாத அசைகளைத் தாமே பாடமாக்கி, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். முதல் ஒரு மணித்தியாலத்திலேயே மறதி மிக வேகமாகப் பாய்கிறது. ஒருநாள் கழித்து மீண்டும் பாடமாக்கியபோது, முன்பு பட்ட சிரமத்தில் சுமார் மூன்றிலொரு பங்குதான் அவருக்கு மிச்சமானது. படமில்லாத, வசனமில்லாத பட்டியலும் பிள்ளைக்குக் கருத்தில்லாத அசைதானே?

2006இல் அமெரிக்காவில் ரோடிஜர், கார்பிக்கி என்ற இருவர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஒரு பந்தியைத் திரும்ப வாசித்த மாணவரும், பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்த மாணவரும் ஒப்பிடப்பட்டனர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முன்னே நின்றார்கள். ஒரு வாரத்தின் பின் கேட்டபோது நிலை மாறியது: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 வீதம் ஞாபகமிருந்தது, வாசித்தவர்களுக்கு 42 வீதம். முதல்நாள் இரவு முழுக்க வாசித்துவிட்டு "எல்லாம் தெரியும்" என்று பிள்ளை நம்புவதும், பிறகு கைவிடப்படுவதும் இதனால்தான்.

பழைய கலண்டர் தாள்களைத் துண்டு துண்டாக வெட்டுங்கள். ஒருபக்கம் தமிழில் ஒரு சம்பவம்: "சாச்சி ஐந்து வருடமாகத் தொடாத சிங்களத்தைத் திரும்ப மெருகேற்றுகிறார்." மறுபக்கம் ஆங்கில வசனம். இரண்டையும் பிள்ளையே எழுதட்டும். ஆங்கிலப் பக்கத்தை டீச்சரிடம் ஒருமுறை காட்டித் திருத்திக்கொள்ளட்டும். நீங்கள் தமிழை வாசியுங்கள், பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லும், பின் தாளைத் திருப்பித் தானே சரிபார்க்கும். உங்களுக்கு ஓர் எழுத்து ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாளொன்றுக்கு நான்கைந்துக்கு மேல் வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கேட்டதை மறுநாள் கேளுங்கள், மூன்று நாள் விட்டுக் கேளுங்கள், அடுத்த வாரம் ஒருமுறை. தவறியவற்றைத் தனிக் கட்டாக வைத்துக்கொண்டு, அந்தக் கட்டை மட்டும் அடுத்த நாள் முதலில் எடுங்கள். சரியாக வந்த துண்டுகள் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போகட்டும். மாத முடிவில் அந்த டின்னையும் திறந்து ஒருமுறை கேட்டுவிடுங்கள்.