கஞ்சாச் செடி: இலையும் பூவும் பருவமும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லையோரக் கிராமங்களில் ஒன்றாகிய கொல்லயிலில் மரச்சீனி இல்லாத புரையிடத்தைக் காண்பது அரிது. கையை விரித்தாற்போன்ற அதன் இலையையும், மாலை கோத்து விளையாட உதவும் அதன் நீண்ட காம்பையும் அவ்வூர்ச் சிறுவர் அனைவரும் அறிவர். எனினும் இதே கைவிரல் வடிவ இலையைச் சுவரொட்டியிலோ செய்தித்தாளிலோ கண்டு, ‘கஞ்சா’ என்று கேள்வியுறும் ஒருவர், பிறகு வழியில் காணும் செடிகள் பலவற்றையும் ஐயுறத் தொடங்குவது இயல்பே. ஐயம் தவறாகப் போனால் குற்றமற்ற குடும்பம் ஒன்று அல்லலுறும். ஐயம் எழவேண்டிய இடத்தில் எழாமற்போனால் அதனால் விளையும் தீங்கும் சிறிதன்று. ஆதலின் கிராமங்களில் பணிபுரியும் அலுவலரும் பள்ளி ஆசிரியரும் இச்செடியைத் தாவர நூல் முறைப்படி அறிந்திருத்தல் நலம்.

மரச்சீனியின் இலை தனி இலை. அது பல மடல்களாகப் பிளவுபட்டிருப்பினும் மடல்கள் யாவும் அடியில் ஒன்றுசேர்ந்தே நிற்கும். ஓரங்களில் பற்கள் இரா. காம்பைக் கிள்ளினால் பால் வடியும். கஞ்சாவின் இலை அத்தகையதன்று. அது கூட்டிலை. காம்பின் நுனியில் 5, 7, சிலபோது 9 சிற்றிலைகள் தனித்தனியே அமைந்திருக்கும். ஒவ்வொன்றும் ஈட்டி வடிவினது. ஓரம் அரத்தின் பற்கள் போன்றது. கிள்ளினால் பால் வராது. மேற்புறத்தைத் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். அங்குள்ள கொக்கி போன்ற மயிர்களின் அடியில் சுண்ணாம்புச் சத்து மணிமணியாய்ப் படிந்திருப்பதே அதற்குக் காரணம். ஆய்வுக் கூடத்தில் ஓர் இலைத் துணுக்கை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு துளி விட்டால், அம்மணிகளிலிருந்து குமிழிகள் எழும்.

மரச்சீனியை விடவும் ஐயத்துக்கு இடம் தருவது புளிச்சையாகும். நாருக்காகவும் கீரைக்காகவும் பயிராகும் இதன் இலை ஆழமாகப் பிளந்து, ஓரத்தில் பற்களும் உடையது. தாவர நூலார் இதற்கு இட்ட இலத்தீன் பெயரிலேயே கஞ்சாவின் பெயர் கலந்திருக்கிறது! ஆயினும் இலையை மென்றால் புளிக்கும். தண்டில் சிறு முட்கள் இருக்கும். செம்பருத்தி இனத்துக்குரிய பெரிய பூவும் பூக்கும். நொச்சியின் இலை மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகளை உடையது. அதன் அடிப்புறம் சாம்பல் வெண்மையாக இருக்கும். நல்வேளையில் நீண்ட காய்கள் காய்க்கும். இவற்றை ஒரு முறை அருகருகே வைத்துக் கண்டவர் பின்னர் ஏமாறார்.

இவ்வேறுபாட்டை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைமருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின்படி கஞ்சாச் செடியை உரிமமின்றிப் பயிரிடுதல் குற்றமாகும். அதற்குப் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வயலில் பயிரிட்டாலும் சரி, மாடியில் ஒரு தொட்டியில் வைத்தாலும் சரி, சட்டம் வேறுபடுத்துவதில்லை. தம் நிலத்தில் இச்செடி சட்டவிரோதமாகப் பயிராவதை அறிந்த நிலக்காரர் உடனே தகவல் தரவேண்டும் என்பது 46ஆம் பிரிவு. அரசு அலுவலரும் ஊராட்சிப் பொறுப்பாளரும் கிராம அதிகாரிகளும் அவ்வாறே தகவல் தரக் கடமைப்பட்டவர் என்பது 47ஆம் பிரிவு. செடியைத் தாமே பிடுங்கி எறிவதும், மாதிரிக்கென்று இலையைப் பறித்து வகுப்பறைக்குக் கொண்டுசெல்வதும் இக்கடமையில் அடங்கா. போலீசாருக்கோ கலால் துறையினருக்கோ அறிவித்தலே அவர் செய்ய வேண்டுவது.

சட்டம் ‘கஞ்சா’ என்று வரையறுப்பது இச்செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகளையே. நுனியோடு சேராத இலையும் விதையும் அவ்வரையறையில் வாரா. இதனைச் சட்ட வல்லுநரின் சொற்சிலம்பம் என்று கொள்ளுதல் தவறு. இதற்குச் செடியின் உடலமைப்பே காரணம்.

கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இளமையில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். பூவெடுக்கும்போதுதான் வேறுபாடு வெளிப்படும். ஆண் செடியில் சிறு பூக்கள் தளர்ந்த கொத்துகளாகத் தொங்கி, மகரந்தத்தைக் காற்றில் தூவும். தூவிய சின்னாளில் அச்செடி வாடி மடியும். பெண் செடியின் பூவோ கண்ணைக் கவராதது. ஒரு சிறு பூவடிச்செதில் சூலகத்தைப் போர்த்தியிருக்க, அதனின்று இரு மெல்லிய சூல்முடிகள் நீண்டிருக்கும். அச்செதிலின் மீதுள்ள நுண்ணிய சுரப்பிகளிலேதான் பிசின் ஊறுகிறது. மயக்கம் தரும் வேதிப்பொருள் அப்பிசினில் உள்ளது. (ஐரோப்பியக் குடியானவர் நெடுங்காலம் ஆணைப் பெண் என்றும் பெண்ணை ஆண் என்றும் மாற்றி வழங்கினர். வலுவாக நின்று நெடுநாள் வாழ்வது ஆணாகத்தான் இருக்கும் என்று அவர்கள் எண்ணினர் போலும்.)

மகரந்தம் சேர்ந்தால் பெண் செடி விதை பிடிக்கத் தொடங்கும். சேராவிடில் மேலும் மேலும் பூவெடுத்துப் பிசினைச் சுரந்துகொண்டே இருக்கும். இவ்வுண்மையை ஒரு தொழிலின் அடிப்படையாகவே கொண்டிருந்தனர் வங்காளத்து நௌகான் பகுதியினர். இன்று வங்காள தேசத்தில் உள்ள அவ்வூரைச் சூழ்ந்த நிலப்பரப்பில், பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் அரசாங்க உரிமத்தின் பேரில் கஞ்சா பயிராயிற்று. ஆகஸ்டில் நாற்றங்காலில் விதைத்து, செப்டம்பரில் நடவு செய்வர். நவம்பரில் பூவெடுக்கும் தருணத்தில் ‘போத்தார்’ எனப்படும் கைதேர்ந்த ஆளைக் கூலிக்கு அமர்த்துவர். அவர் வரிசை வரிசையாக நடந்து, பூ விரியுமுன்னரே ஆண் செடிகளைக் கண்டு களைந்துவிடுவார். உழவரால் கண்டறிய இயலாத குறி அவர் கண்ணுக்குப் புலப்பட்டது. ஓர் ஆண் செடி தப்பி நின்றால் அதன் மகரந்தம் காற்றில் பரவி, அயலார் வயலையும் விதை பிடிக்கச் செய்துவிடும். விதை மிகுந்த சரக்குக்கு விலை குறைவு. ஓராண்டு உழைப்பு அவரது சில நாள் பார்வையை நம்பியிருந்தது. பிப்ரவரியில் அறுவடை நிகழும்.

இப்பயிரைப் பற்றி டெபுடி கலெக்டர் ஹேம் சந்திர கேர் 1877இலும், கல்கத்தா தாவரத் தொகுப்பின் பொறுப்பாளராயிருந்த டேவிட் பிரெய்ன் 1893இலும் விரிவான அறிக்கைகள் அளித்தனர். பின்னர் 1893-94இல் இந்தியக் கஞ்சாக் கமிஷன் 1,193 சாட்சிகளை விசாரித்து ஏழு தொகுதிகள் வெளியிட்டது. நௌகானில் இப்பயிர் 1987இல் நிறுத்தப்பட்டது.

செடி ‘முற்றியது’ என்பதற்கு ஒரே விடை இல்லை; எதற்காக அறுக்கிறோம் என்பதைப் பொறுத்தே முற்றுதல் அமையும். நாருக்காக வளர்ப்போருக்கு ஆண் செடி மகரந்தம் தூவும் காலமே தகுந்த தருணம். அதற்கு மேல் தாமதித்தால் தண்டு மரத்தன்மை அடைந்து நார் முரடாகிவிடும். விதைக்காக வளர்ப்போர் பல வாரங்கள் பொறுக்க வேண்டும். பெரும்பாலான விதைகள் பழுப்பேறிக் கெட்டிப்பட்ட பின்னரே அறுப்பர். அவை எல்லாம் முற்றட்டும் என்று இருந்தால் முதலில் முற்றியவை உதிர்ந்து பறவைகளுக்கு இரையாகும். உத்தராகண்ட மலைவாழ் மக்கள் இவ்விதையைத் துவையலுக்குப் பயன்படுத்துகின்றனர்; விதையில் மயக்கப்பொருள் இல்லை. பிசினை ஆராயும் மருந்தியலாரோ வேறு குறிகளைக் காண்பர். சூல்முடிகள் வெண்மை மாறிப் பழுப்பாகச் சுருங்கும். உருப்பெருக்கியில் கண்ணாடி போல் தெளிந்து தோன்றிய சுரப்பிகள் முதலில் பால்நிறமும், பின்பு தேன்நிறமும் பெறும். காலம் கடந்தாலும், வெளிச்சத்திலும் காற்றிலும் கிடந்தாலும், முதன்மையான மயக்கப்பொருளாகிய டெட்ராஹைட்ரோகன்னாபினால் சிதைந்து கன்னாபினால் என்னும் வலிகுறைந்த பொருளாக மாறுகிறது. முன்னதை 1964இல் தூய நிலையில் பிரித்து அதன் அமைப்பை விளக்கியவர்கள் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகளான காவோனியும் மெக்கூலமும் ஆவர்.

நௌகானில் நவம்பரில் பூவெடுத்தது ஏன்? இவ்வினாவுக்கு விடை கிடைத்த வரலாறு சுவையானது. பாரிசில் ஜூலியன் தூர்னுவா என்னும் இளம் தாவரவியலார், குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டினுள் விதைத்த கஞ்சாச் செடிகள் மிகச் சிறியனவாக இருக்கும்போதே பூத்துவிட்டதைக் கண்டார். வெப்பமா, ஈரமா, உரமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தவர், பகலின் குறுமையே காரணம் என்று 1912இல் எழுதினார். 1914இல் மேலும் ஒரு படி சென்று, பகல் குறைவதைவிட இரவு நீள்வதே முக்கியம் என்றார். அவ்வாண்டே மூண்ட உலகப் போரில் அவர் மாண்டார். அமெரிக்க விஞ்ஞானிகள் கார்னரும் அல்லார்டும் 1920இல் புகையிலையைக் கொண்டு இவ்விதியைப் பொதுவாக நிலைநாட்டினர். புகழ் பெரும்பாலும் அவர்களையே சேர்ந்தது.

இவ்விதியைக் கொல்லயிலுக்குப் பொருத்திப் பார்ப்போம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ எட்டரைப் பாகையில் உள்ள இப்பகுதியில், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறக்குறைய ஒரு மணி நேரமே. ஜம்முவிலோ கோடைப் பகல் பதினான்கு மணி நேரத்துக்கு மேலாகவும், குளிர்காலப் பகல் பத்து மணி நேர அளவாகவும் இருக்கும். ஆகவே வடநாட்டு அல்லது ஐரோப்பிய நார் வகையைத் தென்கோடியில் விதைத்தால், வளர்வதற்கு வேண்டிய நீண்ட பகல் கிட்டாமல், செடி குட்டையாக இருக்கும்போதே பூத்து நின்றுவிடும். மூடிய அறைகளில் மின்விளக்கொளியில் இதனைக் களவாக வளர்ப்போர் செய்வதும் பகலை நீட்டிப் பின் குறைப்பதன்றி வேறன்று. பகலிலும் இறுக மூடிய சன்னல், நாள்தோறும் குறித்த நேரத்தில் எரிந்து அணையும் கடும் ஒளி, காரணம் விளங்காத மின்கட்டணம், இடைவிடாது சுழலும் விசிறி, பூக்கும் காலத்து மறைக்க இயலாத நெடி ஆகியன சேர்ந்து வந்தால் அவ்வறையைக் கவனிக்க வேண்டியதாகும். இவற்றுள் ஒன்று மட்டும் இருப்பதை வைத்து எதுவும் சொல்லவியலாது.

உரிமத்துடன் நிகழும் ஆராய்ச்சியும் நம் நாட்டில் உண்டு. விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த ஜம்மு ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனம், சத்தா என்னுமிடத்தில் காவலுடன் கூடிய பண்ணையில் இச்செடியை மருந்தாய்வுக்காக வளர்த்து வருகிறது. வலி நீக்கவும் வலிப்பு நோய்க்கும் உதவக்கூடிய பொருள்களை ஆராய்தல் அதன் நோக்கம்.

பகலிரவின் நீளம் பூப்பை ஆளுவதை மாணவர்க்குக் காட்ட விரும்பும் ஆசிரியருக்குக் கஞ்சா வேண்டியதில்லை. சாமந்தி போதும், அதுவும் குறும்பகல் செடியே. ஒரே நாற்றிலிருந்து இரு தொட்டிகள் வைத்து, ஒன்றை இயற்கையான இரவில் விடுக. மற்றொன்றன் மேல் ஒவ்வோர் இரவும் நள்ளிரவையொட்டி மூன்று நான்கு மணி நேரம் ஒரு மின்விளக்கை எரியவிடுக. இரவு இவ்வாறு இரண்டாக முறிவதால் இரண்டாவது தொட்டி இலையும் கிளையுமாக வளர்ந்துகொண்டே போகும். முதல் தொட்டியில் மொட்டு அரும்பும். விளக்கின் ஒளி முதல் தொட்டியின்மேல் சிறிதும் படாதவாறு இடையே ஒரு தடுப்பு வைத்தல் வேண்டும். இல்லையேல் இரண்டுமே பூக்கா.