மாமல்லை முதல் காஞ்சி வரை... புத்தரைத் தேடி ஒரு நாள்!

கடற்கரைக் கோயில், வெண்ணெய் உருண்டைப் பாறை, சூடாக மீன் வறுவல், நாலு செல்ஃபி... பெரும்பாலான குடும்பங்களுக்கு மாமல்லபுரம் டூர் இவ்வளவுதான். அடுத்த முறை குழந்தைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். 'இங்கே புத்தர் எங்கே இருக்கிறார், கண்டுபிடி!'

சிலையாகத் தேடினால் ஏமாற்றம்தான். ஐந்து ரதங்களில் சகாதேவ ரதத்தின் முன்னால் போய் நில்லுங்கள். அதன் பின்புறம் வளைந்து, பக்கத்தில் நிற்கும் கல் யானையின் முதுகைப் போலவே இருக்கும். இதற்குத் தூங்கானை மாடம் என்று பெயர். கார்லே போன்ற பௌத்தக் குடைவரைச் சைத்தியங்களிலும் இதே வளைவு உண்டு. தர்மராஜ ரதத்தில் அடுக்கடுக்காக வரும் சிறு மாடங்களைப் பார்த்து, 'இது துறவிகள் தங்கிய விகாரத்தின் சாயல்' என்று சொன்ன ஆய்வாளர்களும் உண்டு. மரத்திலும் செங்கல்லிலும் கட்டிய அந்தக் காலத்துத் தச்சர்களின் வடிவங்கள் எல்லா மதத்துக்கும் பொதுவாக இருந்தன. மரம் மக்கிவிட்டது, கல் மிஞ்சியது.

காலை 6 மணிக்கே போய்விட்டால் வெயிலுக்கு முன் ரதங்களைப் பார்த்துவிட்டு, கடற்கரைக் கோயில் புல்வெளியில் பெரியவர்கள் சற்று உட்காரலாம். பிறகு திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம். சுமார் 65 கிலோமீட்டர். வழியில் கொளவாய் ஏரியைக் காட்டத் தவறாதீர்கள். காஞ்சிக் கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி, மாலை 4 மணி வாக்கில்தான் திறக்கும். அதனால் அவசரம் வேண்டாம்.

காரில் சொல்ல ஒரு கதை இருக்கிறது. கி.பி. 640 வாக்கில், மாமல்லன் நரசிம்மவர்மன் ஆட்சியில், சீனத் துறவி யுவான் சுவாங் காஞ்சியைப் பற்றி எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட சங்காராமங்கள், பத்தாயிரம் துறவிகள் என்பது அவர் தரும் கணக்கு. மணிமேகலைக் காப்பியமோ இன்னும் அழகான ஒன்றைச் சொல்கிறது. மணிபல்லவத் தீவில் இருப்பதைப் போலவே ஒரு பொய்கையும் பூஞ்சோலையும் காஞ்சியில் அமைக்கப்பட்டன. பஞ்சத்தில் வாடிய ஊருக்கு மணிமேகலை அமுதசுரபியால் சோறிட்டாள். தோட்டமும் அன்னதானமும் சேர்ந்ததுதான் அந்தக் காலத்து பௌத்தம்!

அந்தச் சோலை இன்று இல்லை. ஆனால் ஏகாம்பரநாதர் கோயில் வெளிமதிலில் சிறு புத்தர் உருவங்கள் உள்ளன. கருக்கினில் அமர்ந்தாள் அம்மன் கோயிலில் தியானத்தில் அமர்ந்த புத்தர் இருக்கிறார். காமாட்சியம்மன் கோயில் வளாகத்தில் 1915-ல் அடையாளம் காணப்பட்ட, ஆளுயரத்தை மிஞ்சிய புத்தர், இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறார்.

"அவ்வளவு பேரும் எங்கே போனாங்க?" என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். ஒரே நாளில் நடந்ததல்ல. அரச ஆதரவு குறைந்தது, பக்தி இயக்கம் வளர்ந்தது, விகாரங்கள் வெறிச்சோடின. புத்தர் சிலைகள் பல ஊர்களில் வேறு பெயரில் கும்பிடப்பட்டன. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வணங்கப்பட்ட சிலை புத்தர்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் சொன்னது. ஒரு சிலையை யாரென்று அறிவதும், இத்தனை காலம் அதைக் கும்பிட்டவர்களின் மனம் நோகாமல் இருப்பதும் ஒன்றாக நடக்க வேண்டிய காரியம். அதைச் சேர்த்தே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள்... ரதங்களின் மேல் ஏற வேண்டாம், கல்லில் பெயர் கிறுக்க வேண்டாம். வழிபாட்டில் உள்ள சிலையைப் படமெடுக்கும் முன் அர்ச்சகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வாய்த்தால் எழும்பூர் போங்கள். அருங்காட்சியகத்தில் அந்தக் காஞ்சிப் புத்தரையும், நாகப்பட்டினத்தில் கிடைத்த செப்புப் புத்தர்களையும் பார்க்கலாம். பக்கத்திலேயே கென்னட் சந்தில் மகாபோதி சங்கம். அங்கே இன்றும் புத்தருக்கு விளக்கு எரிகிறது.