முதுமைக்கு ஒரு சார்பாளர்

தோற்றுவாய்

பெற்றோர் முதுமை எய்தும்போது அவர்களிடம் சலிப்பைக் காட்டும் சிறு ஒலியைக்கூட எழுப்பலாகாது எனத் திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் அறிவுறுத்துவதை நாம் அறிவோம். அக்கட்டளையை நெஞ்சில் ஏற்ற மகனோ மகளோ அருகிருக்கும்வரை முதியோர்க்கு அச்சமில்லை. ஆனால் வீட்டை விட்டு நீங்கி, ஊதியம் பெறும் அயலார் கையில் ஒப்படைக்கப்பட்ட முதியோரைக் காப்பவர் யார்? அவர்தம் குறையைக் கேட்பவர் யார்? இவ்வினாவிற்கு ஒரு நாடு ஐம்பதாண்டுகளுக்கு முன்பே சட்டத்தின் வழியாகவும் அரசுப் பணத்தின் வழியாகவும் விடைகாண முயன்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அம்முயற்சியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இல்லமும் இன்னலும்

'நர்சிங் ஹோம்' என்றால் நம் ஊர்களில் சிறிய தனியார் மருத்துவமனை என்றே பொருள்படும். அமெரிக்காவில் அதன் பொருள் வேறு. எழுந்து நடமாட இயலாத, மறதிநோயுற்ற, உண்ணவும் உடுக்கவும் பிறர் துணை வேண்டிய முதியோர் நிலையாகத் தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லமே அது. அந்நாட்டில் இத்தகைய இல்லங்கள் ஏறத்தாழ 15,000 உள்ளன. அவற்றில் வாழ்வோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர். இல்லங்களுள் பத்துக்கு ஏழு இலாப நோக்குடையவை. இல்லவாசிகளுள் பத்தில் அறுவர்க்கு ஏழையர்க்கான அரசு மருத்துவ உதவித் திட்டமாகிய 'மெடிக்கெய்டு' செலவைச் செலுத்துகிறது.

இத்தகைய இடத்தில் கொடுமை என்பது கைநீட்டி அடிப்பது மட்டுமன்று. படுத்த படுக்கையாய்க் கிடப்பவரை உரிய நேரத்தில் புரட்டிப் படுக்கவைக்காமையால் முதுகு புண்ணாகிறது. அழைப்பு மணி ஒலித்தும் ஆள் வருவதில்லை. ஊர்சுற்றும் மறதிநோயாளரை நாற்காலியோடு கட்டிவைத்தல், அமைதியாய் இருக்கவேண்டித் தேவையற்ற மயக்க மருந்து கொடுத்தல், கைப்பணத்தைக் கவர்தல் ஆகியவையும் கொடுமையே. செலவுமிக்க நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டுத் திரும்ப ஏற்க மறுப்பது மற்றொரு வகை. இல்லத்தினின்று முறையின்றி வெளியேற்றுதல் பற்றிய முறையீடே பல்லாண்டுகளாக எண்ணிக்கையில் முதலிடம் பெற்று வருகிறது.

இவற்றையெல்லாம் அம்முதியவரே எடுத்துரைக்கலாமே எனச் சிலர் வினவக்கூடும். உணவூட்டும் கைமீதே குறைகூற வேண்டிய நிலை அவருடையது. பகலில் குறைகூறினால் இரவில் அதே பணியாளரிடம் தண்ணீர் கேட்டாக வேண்டும். ஆகவே அவர் வாய் திறப்பதில்லை. அவருக்காகப் பேச வேறொருவர் தேவைப்படுவது இதனாற்றான்.

வரலாறு

1965ஆம் ஆண்டு சூலையில் மெடிக்கேர், மெடிக்கெய்டு ஆகிய இரு திட்டங்கள் சட்டமாயின. அரசுப் பணம் வந்தது; பணத்தை நாடி முதலீட்டாளரும் வந்தனர். இல்லங்கள் பெருகின. கண்காணிப்போ பெருகவில்லை. 1970 சனவரியில் ஒகையோ மாநிலத்து மேரியெட்டா நகரில் பராமரிப்பு இல்லமொன்றில் தீப்பற்றி முப்பது பேர்க்கு மேல் மாண்டனர்.

அக்காலத்தில் ஆர்க்கன்சா மாநிலத்துப் பேராளராக இருந்த டேவிட் பிரையர் ஒரு செயல் செய்தார். தாம் யாரென்று வெளிப்படுத்தாமல், தலைநகர் வட்டாரத்துப் பராமரிப்பு இல்லங்களில் தொண்டராகச் சேர்ந்து பணிபுரிந்தார். கண்டவற்றை அவையில் எடுத்துரைத்து, முதியோர் நிலையை ஆராயத் தனிக்குழு ஒன்று வேண்டினார். அவை இசையவில்லை. அவர் ஓயவில்லை, நாடாளுமன்றத்திற்கு அருகில் பெட்ரோல் விற்பனை நிலையமொன்றின் இடத்தில் இழுவை வண்டி வீடுகளை நிறுத்தி, அவற்றையே அலுவலகமாக்கித் தொண்டர்களுடன் ஆய்வை நடத்தினார்.

1971 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் நிக்சன் பராமரிப்பு இல்லங்களைச் சீர்திருத்த எட்டு அம்சத் திட்டமொன்றை அறிவித்தார். இல்லவாசிகளின் முறையீட்டைக் கேட்க ஏற்பாடு செய்வது அவற்றுள் ஒன்று. 1972இல் ஐந்து இடங்களில் அரசுச் செலவில் வெள்ளோட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு மேலும் இரண்டு சேர்ந்தன. 1975இல் முதியோர் நல ஆணையர் ஆர்தர் பிளெமிங் எல்லா மாநிலங்களையும் இப்பணிக்கு அழைத்தார். அவ்வாண்டே எல்மா ஹோல்டர் என்னும் பெண்மணி, இல்லச் சீர்திருத்தத்திற்கான குடிமக்கள் கூட்டமைப்பை நிறுவினார். 1978இல் முதிய அமெரிக்கர் சட்டம் திருத்தப்பெற்று, ஒவ்வொரு மாநிலமும் இப்பணியை நடத்தியே ஆகவேண்டும் என்னும் விதி பிறந்தது.

சொல்லும் பொருளும்

இப்பணியாளர்க்கு அமெரிக்கர் இட்ட பெயர் 'ஆம்புட்ஸ்மேன்' என்பதாகும். வங்கி ஆம்புட்ஸ்மேன் என்னும் வழக்கால் இச்சொல் நமக்கும் பழகியதே. இது சுவீடிய மொழிச் சொல். 'ஓம்புதல்', 'விருந்தோம்பல்' முதலிய நம் சொற்களோடு ஒலியால் ஒத்திருப்பது கண்டு மாணவர் மயங்கலாகாது. அது தற்செயல் ஒப்புமையே. சுவீடிய மொழியில் 'ஒம்புட்' என்பது ஒருவர் சார்பில் செயற்படுபவரைக் குறிக்கும்.

இச்சொல்லின் வரலாற்றில் நம் வாசகர் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1709இல் பொல்தாவாப் போரில் உருசியரிடம் தோல்வியுற்ற சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ், உதுமானியப் பேரரசில் அடைக்கலம் புகுந்து ஐந்தாண்டளவு அங்கே தங்கினார். அங்கிருந்துகொண்டே 1713இல் தம் நாட்டு அதிகாரிகளைக் கண்காணிக்கத் தலைமை ஆம்புட்ஸ்மேன் பதவியை ஏற்படுத்தினார். மக்களின் முறையீட்டைக் கேட்கும் உதுமானிய நீதி அமைப்புகளைக் கண்டதன் விளைவே இது என ஆய்வாளர் சிலர் கருதுவர். நாடாளுமன்றம் அமர்த்தும் ஆம்புட்ஸ்மேன் பதவி 1809இல் சுவீடன் அரசியலமைப்பில் இடம்பெற்றது.

தமிழ்நாட்டு உள்ளாட்சிச் சட்டத்தில் இச்சொல் 'முறைமன்ற நடுவர்' என வழங்குகிறது. அங்கே அது பொருந்தும். ஆனால் நாம் பேசும் அமெரிக்கப் பணிக்கு 'நடுவர்' என்னும் பெயர் பொருந்தாது. நடுவர் இருபுறமும் சாயாதவர். இவரோ இல்லவாசியின் பக்கம் நிற்கவே சட்டத்தால் பணிக்கப்பட்டவர். ஆதலின் 'சார்பாளர்' என்பதே ஏற்ற சொல்லெனக் கொண்டு, இக்கட்டுரையில் அதனையே ஆள்கின்றோம்.

சார்பாளர் பணி

சார்பாளர் இல்லங்களுக்குச் செல்வார். இல்லவாசியைத் தனியே கண்டு பேசுவார். அவருடைய தொலைபேசி எண்ணை இல்லவாசிகள் காணுமாறு எழுதிவைப்பது இல்லத்தின் கடமை. அவர் கேட்டறிந்ததை, முதியவர் இசைவின்றி வெளியிடலாகாது. முதியவர் "இதனை விட்டுவிடுங்கள்" என்றால் விட்டுவிட வேண்டும். மகன் ஒன்று சொல்ல, முதியவர் வேறொன்று விரும்பினால், சார்பாளர் முதியவர் விருப்பத்தையே எடுத்துரைப்பார். முதுமையால் உடல் தளரலாம், உரிமை தளராது என்னும் கொள்கையே இதன் அடிப்படை.

தண்டம் விதிக்கவோ இல்லத்தை மூடவோ அவருக்கு அதிகாரமில்லை. அவை மாநில ஆய்வுத் துறைக்குரியவை. பேச்சின் மூலம் தீர்ப்பது, தீராதபோது உரிய துறைக்கு எடுத்துச் செல்வது, சட்டத்தில் குறையிருப்பின் சட்டமன்றத்தில் சென்று சொல்வது ஆகிய மூன்றுமே அவர் கருவிகள்.

1987ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் இல்லவாசியின் உரிமைகளை வகுத்துக் கூறியது. கட்டிவைத்தலுக்குக் கடும் வரம்பு விதித்தது. அதற்குமுன் இல்லவாசிகளுள் பத்தில் நால்வர் அளவிற்குக் கட்டுண்டிருந்தனர் என மதிப்பிடப்பட்டது. பின்னைய இருபதாண்டுகளில் அது நூற்றுக்கு ஐவர்க்கும் கீழாகக் குறைந்தது. சார்பாளரை உள்ளே விடவேண்டும் என்பதும், நல்லெண்ணத்துடன் கடமையாற்றும் அவர்மீது வழக்குத் தொடுத்து ஒடுக்கலாகாது என்பதும் அதே ஆண்டு முதிய அமெரிக்கர் சட்டத்திற்கு வந்த திருத்தத்தால் உறுதியாயின.

பொருளின்றிப் பணியில்லை

சட்டம் எழுதுவது எளிது. அதனை நடத்த ஆளும் பொருளும் வேண்டும். ஊதியம் பெறும் சார்பாளர்களோடு பயிற்சி பெற்ற தொண்டர்களும் சேர்ந்தே இப்பணி நடைபெறுகிறது. 2019 அளவில் முழுநேரக் கணக்கில் ஏறத்தாழ 1,300 பேர் ஊதியப் பணியிலும், 6,000 பேர் அளவில் தொண்டர்களாகவும் இருந்தனர். அவ்வாண்டில் அவர்கள் ஏற்றுக்கொண்ட முறையீடுகள் ஏறத்தாழ 2 இலட்சம்.

இதற்குக் கூட்டரசு, மாநிலம், உள்ளாட்சி ஆகியவை எல்லாம் சேர்ந்து ஆண்டொன்றுக்குச் செலவிடும் தொகை 10 கோடி டாலரைச் சற்றே தாண்டும். அதே இல்லங்களில் பராமரிப்பிற்காக அரசு செலுத்தும் தொகையோ ஆயிரக்கணக்கான கோடி டாலர். வேலி கட்ட ஒரு காசும் வயலுக்கு நூறு ரூபாயும் செலவிடும் உழவனை நினைவுறுத்துகிறது இது. 2,000 படுக்கைகளுக்கு ஒரு முழுநேரச் சார்பாளராவது வேண்டும் என 1995இல் மருத்துவக் கழகத்தின் ஆய்வுக்குழு பரிந்துரைத்தது. அந்தக் குறைந்த அளவையும் எட்டாத மாநிலங்கள் உள்ளன.

இங்கே இஸ்லாமிய வரலாற்று நிகழ்ச்சி ஒன்று நினைவிற்கு வருகிறது. பார்வையிழந்த முதிய யூதர் ஒருவர் இரந்து நிற்பதைக் கலீஃபா உமர் (ரலி) கண்டார். முதுமையும் வறுமையும் வரியும் தம்மை அந்நிலைக்குத் தள்ளின என அவர் கூறக்கேட்டு, தம் வீட்டிற்கு அழைத்துச் சென்று உதவினார். அத்தோடு நின்றிருந்தால் அது தனியொருவர் ஈகையாகும். அவர் பைத்துல் மால் பொறுப்பாளரை வருவித்து, அம்முதியவர்க்கும் அவர் போன்றார்க்கும் பொதுக் கருவூலத்திலிருந்து வழங்கவும் வரியை நீக்கவும் ஆணையிட்டார். இமாம் அபூயூசுஃப் தம் 'கிதாபுல் கராஜ்' நூலில் இதனைக் குறித்துள்ளார். முதுமையைக் காப்பது ஈகையாளர் மனம்போன போக்கிற்கு விடத்தக்கதன்று, அரசின் கடமை என்பது இதனால் பெறப்படும்.

தன்னுரிமை என்னும் உயிர்நாடி

அரசுப் பணத்தில் ஒரு சிக்கலும் உண்டு. ஊதியம் தருபவர் வாயையும் அடைக்கக்கூடும். 2011இல் புளோரிடா மாநிலத் தலைமைச் சார்பாளர், பராமரிப்பு இல்லங்களின் உண்மையான உரிமையாளர் யார் யார் என்னும் விவரத்தைக் கேட்டு எழுதினார். விரைவிலேயே அவர் பதவி விலக நேர்ந்தது. கூட்டரசின் முதியோர் நிருவாகம் அவ்வாண்டே ஆராய்ந்து, சார்பாளரின் தன்னுரிமை பற்றிய சட்டத்தை அம்மாநிலம் பின்பற்றவில்லை எனக் கூறியது. 2016 சூலை முதல் நடைமுறைக்கு வந்த கூட்டரசு விதிகள், சார்பாளர் எவர்க்கும் அஞ்சாமல் சட்டமன்றத்திடமும் செய்தித்தாள்களிடமும் பேசலாம் என்பதைத் தெளிவாக்கின.

சார்பாளர் இல்லாவிடில் என்ன நேரும் என்பதனைக் கொரோனாப் பெருந்தொற்று காட்டியது. 2020 மார்ச்சு 13ஆம் நாள் முதல் பராமரிப்பு இல்லங்களின் கதவுகள் பார்வையாளர்க்கு அடைக்கப்பட்டன. மகனும் மகளும் சன்னலுக்கு வெளியே நின்றனர். சார்பாளரும் பல மாதம் உள்ளே செல்ல இயலவில்லை. 2022 தொடக்கத்திற்குள் பராமரிப்பு இல்லவாசிகளும் பணியாளர்களுமாக 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அந்நோய்க்கு இரையாயினர். தொற்றினால் மாண்டோர் இத்தனை பேர் என்னும் கணக்கு உண்டு. கேட்பாரற்றுத் தனிமையில் வாடியோர்க்குக் கணக்கில்லை. அப்போது நாடாளுமன்றம் சார்பாளர் பணிக்கென 2020இல் 2 கோடி டாலரும் 2021இல் 1 கோடி டாலரும் தனியே ஒதுக்கியது. எனினும் விலகிய தொண்டர் பலர் திரும்பவில்லை.

நாம் கொள்ளத்தக்கது

இச்செய்திகளை நம் சமுதாயப் பெரியவர்கள் சிலரிடம் உரைத்தபோது, "நம்மிடையே அந்நிலை வாராது" என்றனர். அவ்வாறே ஆகட்டும் என்பதே நம் துஆவும். எனினும் பிள்ளைகள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, முதியோர் பெரிய வீட்டில் பணியாளர் துணையோடு தனித்து வாழ்வது நம் ஊர்களிலும் காண்பதுதானே! கதவு வீட்டுக் கதவாயினும் இல்லக் கதவாயினும், உள்ளே நிகழ்வதை அறிவார் இல்லையெனில் இரண்டும் ஒன்றே.

நம் நாட்டிலும் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை பெறத் தீர்ப்பாயம் உண்டு. மாவட்டந்தோறும் வறிய முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லம் அமைக்கவும் அதில் இடமுண்டு. முறையிட வருவோர்க்கு அச்சட்டம் வழி காட்டுகிறது. முறையிட வர இயலாதாரைத் தேடிச் சென்று அவர் குறையைக் கேட்கும் சார்பாளர் பதவி அதில் இல்லை. இனி வரும் திருத்தங்களில் நாம் கேட்டுப் பெறவேண்டுவது அதுவே.

அதுவரை செய்யத்தக்க பணி ஒன்று மாணவர்க்கு உண்டு. அமெரிக்கத் தொண்டர்கள் செய்யும் பணியின் பெரும்பகுதி, கிழமைதோறும் ஓரில்லம் சென்று, ஒரு கட்டிலருகே அமர்ந்து, "உங்களை இங்கே எவ்வாறு நடத்துகிறார்கள்?" என்று கேட்பதேயாகும். விடையைக் கேட்கும் பொறுமை வேண்டும். கேட்டதை முதியவர் இசைவின்றி வெளியே சொல்லாத நாணயம் வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் மரம் நடும் நம் மாணவர்கள், தம் ஊர் முதியோர் இல்லத்திற்கும் திங்களுக்கொருமுறை சென்று வருவாராயின், அங்குள்ளோர் தம்மை நினைப்பார் உண்டென்று அறிவர். நடத்துவோரும் தம்மைக் காண்பார் உண்டென்று அறிவர். இவ்விரண்டு அறிவும் சேர்ந்த இடத்தில் கொடுமை குறையும் என்பதே அமெரிக்கர் பட்டறிவால் நாம் பெறும் பாடம்.