டிசம்பர் குளிரில் திடீர்த் தேர்தல்: பிரிட்டன் வாக்காளர்களும் ஸ்ரீபெரும்புதூர் வாக்காளர்களும்

கடந்த 2019 டிசம்பர் 12, வியாழக்கிழமை. பிரிட்டனில் மக்கள் குடையும் கம்பளி உடையுமாக வாக்குச்சாவடி வாசல்களில் வரிசையில் நின்றனர். மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும் பருவம் அது. அன்று இரவுதான் நமது நாட்டில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திற்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். நமது வீடுகளில் அந்த வாரம் முழுவதும் பேச்சு அதைப் பற்றியே இருந்ததால் பிரிட்டன் தேர்தலைப் பெரும்பாலோர் கவனித்திருக்க வாய்ப்பில்லை.

ஆனால் கவனிக்க வேண்டிய தேர்தல் அது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பகுதிக் குடும்பங்களுக்கு அது ஒன்றும் அவ்வளவு தூரத்து விஷயமும் அல்ல.

ஒரகடத்தில் 2010-இல் ரெனோ நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டபோது அங்கு முதலில் தயாரான கார் நிசான் மைக்ரா. அதற்கு முன்பு அந்த மாடல் இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள சண்டர்லேண்ட் நகரத் தொழிற்சாலையில் தயாராகி வந்தது. அங்கு நிறுத்தப்பட்ட வேலை இங்கு வந்தது. சில ஆண்டுகள் கழித்து ஐரோப்பாவுக்கான மைக்ரா இங்கிருந்து பிரான்சுக்குப் போனது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தயாராகும் ராயல் என்ஃபீல்டு வண்டியின் பிறப்பிடம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம். ஆக, ஒரு நாட்டுத் தொழிலாளியின் வேலை எந்த நாட்டில் எடுக்கப்படும் முடிவினால் வரும், எதனால் போகும் என்பதை நமது பகுதி மக்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 2014-இல் நோக்கியா ஆலை மூடப்பட்டதைப் பார்த்தவர்கள் அவர்கள். 2019-இல் வாகன விற்பனை சரிந்து, 'உற்பத்தி இல்லா நாட்கள்' அறிவிக்கப்பட்டு, ஒப்பந்தத் தொழிலாளர்கள் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டதையும் பார்த்தவர்கள்.

அந்த சண்டர்லேண்ட் மக்கள்தான் 2016 ஜூன் 23-இல் நடந்த பொது வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற வேண்டும் என்று 61 சதவீதம் பேர் வாக்களித்தனர். அந்தத் தொழிற்சாலையில் தயாராகும் கார்களில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குத்தான் ஏற்றுமதியாகிறது. 'தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்களே' என்று அன்று பலர் எழுதினர். அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. சுரங்கமும் கப்பல் கட்டும் தளமும் மூடப்பட்டு, பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போய்விட்ட ஊர்களில், லண்டன்காரர்கள் நம்மைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை என்ற கோபம் நீண்ட காலமாக இருந்தது. அந்தக் கோபத்தைக் காட்ட ஒரு வாய்ப்பு வந்தது, காட்டினார்கள். கூடவே வெளிநாட்டவர் மீதான வெறுப்பையும் சிலர் கலந்து விற்றார்கள். அதுவும் விலை போனது.

நாடு முழுவதும் 51.9 சதவீதம் பேர் வெளியேறலாம் என்றனர், 48.1 சதவீதம் பேர் வேண்டாம் என்றனர். முடிவு வந்தது, முடியவில்லை. மூன்றரை ஆண்டு இழுபறி. பிரதமர் தெரசா மே கொண்டுவந்த ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் 2019-இன் முதல் மூன்று மாதங்களுக்குள் மூன்று முறை தோற்கடித்தது. அவர் போய் போரிஸ் ஜான்சன் வந்தார். அவர் நாடாளுமன்றத்தை முடக்கி வைத்தது சட்டப்படி செல்லாது என்று செப்டம்பர் 24-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இங்கே ஒரு சட்டச் சிக்கலைப் புரிந்துகொள்ள வேண்டும். பிரதமர் தன் வசதிக்கு நாடாளுமன்றத்தைக் கலைக்கக் கூடாது என்பதற்காக 2011-இல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. அதன்படி முன்கூட்டியே தேர்தல் நடத்த மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் ஆதரவு அப்போது தேவைப்பட்டது. ஜான்சன் மூன்று முறை கேட்டார், கிடைக்கவில்லை. பிறகு 'இந்த ஒரு முறை மட்டும்' என்று சாதாரணப் பெரும்பான்மையில் தனிச் சட்டமே நிறைவேற்றி டிசம்பர் 12-க்குத் தேதி குறித்தார்கள். பூட்டு போட்டவர்களே பக்கத்தில் ஒரு கதவும் வைத்துக்கொண்டார்கள்! நமது நாட்டில் 'ஒரே நாடு ஒரே தேர்தல்' என்று பேசுகிறவர்கள் இந்தக் கதையைப் படிப்பது நல்லது.

சாதாரண வாக்காளர் இதை எப்படி எடுத்துக்கொண்டார்? முதல் உணர்வு சலிப்பு. 2015, 2017, 2019 என ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்றாவது பொதுத் தேர்தல். அதுவும் டிசம்பரில். 1923-க்குப் பிறகு அங்கு டிசம்பரில் பொதுத் தேர்தலே நடந்ததில்லை. பள்ளிக்கூடங்களில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகள் நடக்கும் நேரத்தில் அதே பள்ளிகளை வாக்குச்சாவடியாக்க வேண்டியிருந்தது. தேர்தல் நாளில் நம்மைப் போல் சம்பளத்துடன் விடுமுறையும் அங்கு கிடையாது. காலை ஏழு முதல் இரவு பத்து வரை நேரம் இருக்கிறது, வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ வாக்களிக்க வேண்டியதுதான்.

சலிப்படைந்தவர்கள் வீட்டில் இருந்துவிடுவார்கள் என்றுதான் பலரும் கணித்தனர். அப்படி நடக்கவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கடைசி நாளான நவம்பர் 26 அன்று மட்டும் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. வாக்குப்பதிவு 67.3 சதவீதம். முந்தைய தேர்தலைவிட ஒன்றரை சதவீதம் மட்டுமே குறைவு. சலிப்பே அவர்களை வாக்குச்சாவடிக்குத் தள்ளியது என்று சொல்லலாம். 'எப்படியாவது இதை முடித்துத் தொலையுங்கள்' என்பதே தெருவின் குரல். ஜான்சன் அந்தக் குரலை அப்படியே எடுத்து, பிரெக்ஸிட்டை முடிப்போம் என்ற ஒற்றை முழக்கமாக்கினார். ஒன்றியத்தில் தொடர வேண்டும் என்று 2016-இல் வாக்களித்தவர்களில்கூட ஒரு பகுதியினர் இழுபறி முடிந்தால் போதும் என்று அவர் பக்கம் போனார்கள்.

விளைவு, கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 365 இடங்கள். லேபர் கட்சிக்கு 202. 1935-க்குப் பிறகு லேபர் இவ்வளவு குறைந்த இடங்களைப் பெற்றதில்லை. தலைமுறை தலைமுறையாக லேபருக்கே வாக்களித்த சுரங்கத் தொழிலாளர் ஊர்கள் கைமாறின. போல்சோவர் தொகுதியில் 49 ஆண்டுகள் உறுப்பினராக இருந்த டென்னிஸ் ஸ்கின்னர் தோற்றார்.

இந்த 365 இடங்களுக்குப் பின்னால் இருந்த வாக்குகள் 43.6 சதவீதம்தான். நமது நாட்டில் 2019 மக்களவைத் தேர்தலில் பாஜக 37 சதவீத வாக்குகளில் 303 இடங்களைப் பெற்றதும் இதே முறையில்தான். அதிக வாக்கு பெற்றவர் வென்றவர் என்ற இந்த முறையை நாம் பிரிட்டனிடமிருந்தே எடுத்துக்கொண்டோம். எதிர்த் தரப்பு வாக்குகள் சிதறினால் என்ன ஆகும் என்பதற்கு இரு நாடுகளும் சாட்சி. பரி நார்த் தொகுதியில் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் வென்றது 105 வாக்குகள் வித்தியாசத்தில். முஸ்லிம்கள் கணிசமாக வாழும் ஊர் அது. நமக்கு ராதாபுரம் நினைவுக்கு வரும். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கு வித்தியாசம் 49 வாக்குகள்.

பிரிட்டன் முஸ்லிம்களுக்கு இந்தத் தேர்தல் வேறு ஒரு வகையிலும் கனமானது. புர்கா அணியும் பெண்களைத் தபால் பெட்டியோடு ஒப்பிட்டு 2018-இல் நாளிதழில் எழுதியவர்தான் இந்த ஜான்சன். அவர் கட்சிக்குள் இஸ்லாமிய வெறுப்பு பற்றி விசாரணை வேண்டும் என்று பிரிட்டன் முஸ்லிம் கவுன்சில் தொடர்ந்து கேட்டு வந்தது. மறுபுறம், காஷ்மீர் குறித்து லேபர் கட்சி மாநாடு செப்டம்பரில் தீர்மானம் நிறைவேற்றியதும், இந்திய வம்சாவளி இந்து வாக்காளர்களிடம் லேபருக்கு எதிராக வாட்ஸ்அப் பிரச்சாரம் சூடு பிடித்தது. பாஜகவின் வெளிநாட்டு ஆதரவு அமைப்பும் களத்தில் இறங்கியது. இங்குள்ள பிரிவினை விமானம் ஏறி அங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அங்கு படிக்கவும் வேலை செய்யவும் போயிருக்கும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் பிரிட்டனில் சட்டப்படி வசித்தால், பெயர் பதிவு செய்து அங்கு பொதுத் தேர்தலில் வாக்களிக்கலாம். அதாவது ஸ்ரீபெரும்புதூரிலிருந்து லெஸ்டருக்குப் படிக்கப் போன மாணவர் பிரெக்ஸிட் தேர்தலில் வாக்களித்திருக்கலாம். ஆனால் அங்கு இருபது ஆண்டுகளாகக் குடியிருந்து வரி கட்டும் போலந்துக்காரர், பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியிராவிட்டால், வாக்களிக்க முடியாது. தங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் தேர்தலை லட்சக்கணக்கான ஐரோப்பியர்கள் ஓரமாக நின்று பார்த்தார்கள்.

நமது நிலையையும் பார்ப்போம். வளைகுடாவில் இருக்கும் நம் சகோதரர் வாக்களிக்க வேண்டுமானால் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதிவு செய்து, தேர்தலன்று சொந்த ஊருக்கு நேரில் வர வேண்டும். பதிலி மூலம் வாக்களிக்க வழி செய்யும் மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியாகிவிட்டது. ஒரகடத்தில் ஒரே அறையில் ஆறு பேராகத் தங்கி வேலை பார்க்கும் பீகார், ஒடிசா, அசாம் இளைஞர்களும் வாக்களிக்க ரயில் ஏறியாக வேண்டும். திடீரென அறிவிக்கப்படும் தேர்தல் எதுவாயினும் முதலில் வெளியே தள்ளப்படுவது இப்படி ஊர் விட்டு ஊர் பிழைக்கப் போனவர்களே.

திடீர்த் தேர்தல் நமக்கும் புதிதல்ல. ஜனதா ஆட்சி உடைந்து 1980 ஜனவரி குளிரில் தேர்தல் வந்தபோது, சண்டைகளால் வெறுத்துப்போன மக்கள் இந்திரா காந்திக்கு 353 இடங்களை அள்ளிக் கொடுத்தனர். தமிழகத்தில் காங்கிரஸ்–திமுக கூட்டணி 39-இல் 37 இடங்களை வென்றது. அதைப் பார்த்து எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைத்தார்கள். மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தது, அதே மக்கள் எம்.ஜி.ஆரையே மீண்டும் உட்கார வைத்தார்கள். நான்கு மாத இடைவெளியில் இரண்டு தீர்ப்பு! 1996-க்கும் 1999-க்கும் இடையே மூன்று மக்களவைத் தேர்தல்களைப் பார்த்தோம். அதில் 1998 தேர்தல் கோவை குண்டுவெடிப்போடு வந்தது. அந்தப் பிப்ரவரியை நமது சமுதாயம் மறக்க முடியாது. ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரையே உலகம் அறிந்தது ஓர் இடைக்காலத் தேர்தல் நேர மரணத்தால்தான். பதினாறு மாதங்களில் இரண்டு பிரதமர்கள் பதவி இழந்து 1991-இல் முன்கூட்டியே வந்த தேர்தலில், மரகதம் சந்திரசேகருக்கு வாக்குக் கேட்க வந்த ராஜீவ் காந்தி மே 21 இரவு இங்கு கொல்லப்பட்டார்.

பிரிட்டனில் தேர்தல் மேல் தேர்தல் என்று மக்கள் அலுத்துக்கொண்ட அதே டிசம்பரில், இந்தத் தொழில் வளையத்துக் கிராமங்களின் குறை நேர் எதிராக இருந்தது. இங்கு அப்போது உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டியது நீதிமன்ற வழக்கில் நின்றது. மூன்று ஆண்டுகள் தனி அலுவலர் ஆட்சி. மக்கள் பிரதிநிதிகள் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது. டிசம்பர் 27, 30 தேதிகளில் ஊரகத் தேர்தல் என்று ஒருவழியாக அறிவிப்பு வந்தது. வேட்பாளராக நிற்க நினைத்தவர்கள் தெருத்தெருவாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். டிசம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம், புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களில் வார்டு மறுவரையறை செய்யாமல் தேர்தல் நடத்தக் கூடாது என்று கூறிவிட்டது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. மற்ற 27 மாவட்டங்கள் வாக்களித்தன.

தீர்ப்பில் சட்டப்படி குறை காண முடியாது. வரையறை செய்யாமல் அவசரமாகத் தேர்தலை அறிவித்ததுதான் தவறு. ஆனால் பாதிப்பு யாருக்கு? கனரக லாரிகளால் பெயர்ந்துபோன ஊர்ச் சாலைக்கும், கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கும் பெண்களுக்கும், கபரஸ்தான் சுற்றுச்சுவர் மனுவுக்கும் பதில் சொல்ல, அவர்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் அப்போது இல்லை. 2020 ஜனவரி 26 கிராம சபைக்கும் தலைவர் இருக்கவில்லை. மாநிலங்களவையில் அதிமுக உறுப்பினர்கள் 11 பேர் குடியுரிமைச் சட்டத்தை ஆதரித்த பிறகு, முதன்முதலில் வாக்குச்சீட்டில் பதில் சொல்லும் வாய்ப்பு மற்ற மாவட்ட மக்களுக்குக் கிடைத்தது. மாவட்ட ஊராட்சி வார்டுகளில் திமுக கூட்டணி முந்தியதற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் காஞ்சிபுரம் கிராமத்து முஸ்லிமுக்கு அன்று அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.

2020 ஏப்ரலில் மக்கள்தொகைப் பதிவேட்டுப் பணி தொடங்கும் என்று அப்போது சொன்னார்கள். அதே ஏப்ரலில்தான் வார்டு மறுவரையறைக்கு உச்ச நீதிமன்றம் தந்த நான்கு மாத அவகாசமும் முடிய இருந்தது. தேர்தல் அதன் பிறகு எந்த வாரத்திலும் அறிவிக்கப்படலாம் என்ற நிலை இருந்தது. உள்ளாட்சிக்கும் சட்டமன்ற வாக்காளர் பட்டியலே அடிப்படை. அந்த ஆண்டின் இறுதிப் பட்டியல் 2020 பிப்ரவரி 14-இல் வெளியானது. வாடகை வீடு மாறியவர்கள், திருமணமாகி வந்த மருமகள்கள், 18 வயது நிறைந்த பிள்ளைகள் ஆகியோரின் பெயர் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று ஜமாஅத் நிர்வாகிகள் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு உட்கார்ந்து பார்த்துவிடலாம். விடுபட்டிருந்தால் படிவம் 6, அதே தொகுதிக்குள் வீடு மாறியிருந்தால் படிவம் 8.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு. நமக்கு அது பிப்ரவரி 1 அதிகாலை 4.30. சண்டர்லேண்டில் கார் வேலை நிலைக்குமா என்பது, அந்த ஆண்டு நடந்த வர்த்தகப் பேச்சுவார்த்தையைப் பொறுத்தே இருந்தது.