பங்குனி ஆமையும் மாணவர் கணக்கும்

வனவிலங்குகளைக் கண்காணிப்பது அரசுக்கும் ஆய்வாளர்க்கும் மட்டுமே உரிய பணி என்று நாம் பொதுவாக எண்ணிவிடுகிறோம். சென்னைக் கடற்கரையோ அப்பணியில் மாணவர்க்கும் பெரும்பங்கு உண்டு என்பதை நமக்கு உணர்த்துகிறது. 1970களில் ரோமுலஸ் விட்டேகர் போன்ற ஆர்வலர்கள் தொடங்கிய இரவு நடையின் தொடர்ச்சியாக, 1988இல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு உருவாயிற்று.

சனவரி முதல் பங்குனி ஆமைகள் கரையேறி, மணலைத் துடுப்புக் கால்களால் தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டுச் செல்கின்றன. நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தொலைவை மாணவர்கள் நள்ளிரவில் நடந்து, மணலில் பதிந்த தடத்தைக் கொண்டு கூட்டைக் கண்டறிகின்றனர். முட்டைகளைச் சில மணி நேரத்திற்குள், புரட்டாமல் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்க வேண்டும். காலம் தாழ்த்தி அசைத்தால், உள்ளே ஒட்டிக்கொண்ட கரு அழிந்துவிடும். 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. இயற்கையான கூட்டிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் கடலின் மெல்லொளியை விட்டுத் தெருவிளக்கை நோக்கி ஊர்ந்து மடிவதுண்டு. பொரிப்பகம் தேவைப்படுவது இதனாலேயே.

எனினும், முட்டைகளைக் காப்பதோடு இப்பணி முடிந்துவிடவில்லை. இறந்து ஒதுங்கும் ஆமைகளையும் இவர்கள் எண்ணிக் குறித்து வைக்கின்றனர். ஆமை நுரையீரலால் மூச்சு விடும் உயிர். இழுவலையில் சிக்கி நீர்மட்டத்திற்கு வர இயலாதபோது மூழ்கி மடிகிறது. 2025 சனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் மடிந்து ஒதுங்கின. அது வழக்கமான இறப்பன்று என்று உறுதியாகக் கூற முடிந்ததற்கு, முந்தைய ஆண்டுகளின் கணக்கு கையில் இருந்தது பெரிதும் உதவிற்று.

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது. ஆமைகள் மிகுதியாகக் கரையேறுவதோ சனவரி முதல் மார்ச் வரை. தடை வருமுன்னரே ஆபத்து மிகுந்த காலம் கடந்துவிடுகிறது. இந்த இடைவெளியை எடுத்துக்காட்டி வாதிட விரும்புவோர்க்கு உணர்ச்சி மட்டும் போதாது. நாள்வாரியான எண்ணிக்கை வேண்டும்.

கல்லூரி மாணவர் மூன்று நான்கு ஆண்டுகளில் வெளியேறிவிடுவர். ஆயினும் மூத்தவர் இளையவர்க்குக் கற்பித்து ஒப்படைத்ததால், கணக்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து வந்துள்ளது. நம் ஊர்க் குளத்துப் பறவைகளுக்கோ குன்றுக்காட்டுத் தேவாங்குக்கோ இத்தகைய கணக்கு உண்டா என்று நம் கல்லூரிகள் கேட்டுப்பார்க்கலாம். இல்லையெனில், அதைத் தொடங்குவதற்கு ஒரு குறிப்பேடும் அதை அடுத்த அணியிடம் ஒப்படைக்கும் ஒழுங்கும் முதற்கண் போதும்.