கதையும் "உம்" கொட்டுதலும்

கதை கேட்க விரும்பாதவர் உலகில் எவரும் இலர். மழலை மாறாத குழந்தை கேட்பதும் கதையே. பல் விழுந்த முதியவர் விரும்புவதும் கதையே. எனினும் எல்லாக் கதைகளும் நம்மைக் கட்டிப் போடுவதில்லை. ஒரு கதை தொடங்கியவுடனேயே கொட்டாவி வருகிறது. மற்றொன்றைக் கேட்கும்போது அடுப்பில் பால் பொங்கி வழிவதும் தெரிவதில்லை. இவ்வேறுபாடு எதனால் என்று சற்று ஆராய்வோம்.

அடுத்து என்ன நடக்கும் என்பது தெரியாததால்தான் கதை சுவைக்கிறது என்று பலர் எண்ணுவர். அது பாதி உண்மையே. நம் தென் மாவட்டக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டில் பாடப்படும் முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்வோம். உயர்ந்த குலத்தில் பிறந்த முத்துப்பட்டன் அனைத்தையும் துறந்து, சக்கிலியர் குலப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவை மணக்கிறான். மாமனாரின் மாடுகளைக் காக்கப் போன இடத்தில் உயிர் விடுகிறான். இம்முடிவு கேட்போரில் பலருக்கு முன்பே தெரியும். தெரிந்தும் இரவில் கண் விழித்துக் கேட்கிறார்கள். அவன் புறப்படும்போதே, "ஐயோ, போகாதேயப்பா!" என்று அவர்கள் மனம் பதறுகிறது. முடிவு தெரிந்திருப்பதே அந்தப் பதற்றத்துக்குக் காரணம். ஆகவே வெறும் திருப்பம் மட்டும் கதையாகாது. கதையில் வருபவர் மீது நமக்கு அன்பு பிறக்க வேண்டும்.

வில்லுப்பாட்டில் இன்னொன்றையும் கவனிக்கலாம். தலைமைப் பாடகர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்லும்போது, குடமும் உடுக்கும் தாளமும் வைத்திருப்போர் "ஆமாம்" என்று பதில் கொடுப்பர். சபையின் சார்பில் அவர்கள் "உம்" கொட்டுகிறார்கள் எனலாம். கேட்பவருக்கும் கதையில் ஒரு வேலை உண்டு என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

விக்கிரமாதித்தன் கதையில் அந்த வேலை வெளிப்படையாகவே இருக்கிறது. அரசன் தோளில் தொங்கும் வேதாளம் ஒரு கதை சொல்லி, இறுதியில் கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் கூறாவிட்டால் அரசனின் தலை வெடித்துவிடும். வாய் திறந்தாலோ வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். அரசனுக்கு முன்பே விடை காண நாமும் முயல்கிறோம். அப்போது நாம் வெறுமனே கேட்பவர்களாக இருப்பதில்லை.

இத்தாலி நாட்டிலிருந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர் (1680–1747) நமக்கு வேறொரு வேலை தருகிறார். அவருடைய பரமார்த்த குருவின் கதையில் குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறியதும் எண்ணிப் பார்த்தால் ஐந்து பேரே இருக்கிறார்கள். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று அழுகை எழுகிறது. எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டான் என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அந்த வேறுபாட்டைக் கண்டு நாம் சிரிக்கிறோம். கோடையில் மணலாகக் கிடக்கும் வைப்பாற்றங்கரையில் வளர்ந்த நமக்கும் அந்த ஆறு கண்முன் ஓடுகிறது.

மண்ணின் மணமும் கதைக்கு உயிர் தரும். நமக்கு அண்மையில் உள்ள இடைசெவலில் பிறந்தவர் எழுத்தாளர் கி. ராஜநாராயணன். கரிசல் காட்டையும் அங்குள்ள சம்சாரிகளையும் அவர்களுடைய பேச்சு மொழியிலேயே எழுதினார். "கோபல்லபுரத்து மக்கள்" நாவலுக்காக 1991 ஆம் ஆண்டு சாகித்திய அகாதமி விருது பெற்றார். 2021 இல் மறைந்த அவர், மக்கள் வாய்மொழியாகச் சொல்லி வந்த நாட்டுப்புறக் கதைகளையும் திரட்டி நூலாக்கினார். அவர் சிறந்த கதைசொல்லி. அதற்கு முன் சிறந்த கேட்பாளி.

அன்புத் தோழியரே! நம் வீடுகளில் பாட்டிமார் அறிந்த கதைகள் எல்லாம் நூலில் ஏறிவிடவில்லை. இருக்கன்குடிக்கு ஆடி மாதம் நடந்தும் வண்டி கட்டியும் வந்த கதை, மழை பொய்த்த ஆண்டில் கம்பங்கூழ் குடித்த கதை, பேய் பிசாசுக் கதை, எல்லாம் அவர்கள் நெஞ்சிலேயே இருக்கின்றன. தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளுக்குச் சென்று களைத்துத் திரும்பும் தாய்மாருக்குக் கதை சொல்ல நேரம் வாய்ப்பதில்லை. நம் கண்களோ கைபேசியில் இருக்கின்றன. "உம்" கொட்ட ஆளில்லை என்றால் பாட்டி பாதியில் நிறுத்திவிடுவார். நிறுத்திய கதை அவரோடு போய்விடும்.

எனவே கதையைச் சுவையாக்குவது சொல்பவர் திறமை மட்டுமன்று, கேட்பவர் ஆர்வமும் ஆகும். இவ்விடுமுறையில் ஆளுக்கு ஒரு கதையேனும் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே குறிப்பேட்டில் எழுதி வைப்போம். அதற்கு நமக்குத் தேவையான சொல் ஒன்றுதான்: "அப்புறம்?"

— பத்தாம் வகுப்பு மாணவி, இருக்கன்குடி