நாதமும் மின்சாரமும் – 7: முதற் பெட்டி

மாடுலர் சிந்தசைசர் என்பது, ஒலியைப் பிறப்பிக்கும் ஆஸிலேட்டர், அதன் நிறத்தை மாற்றும் ஃபில்டர், அதை ஏற்றி இறக்கும் ஆம்ப்ளிஃபையர் என்று தனித்தனியே கிடைக்கும் மாட்யூல்களை, வாசிப்பவரே தம் தேவைக்கேற்பத் தேர்ந்தெடுத்து, ஒரு பெட்டியில் பொருத்தி, ஒயர்களால் இணைத்து உருவாக்கிக்கொள்ளும் வாத்தியம் என்பதைச் சென்ற வாரங்களில் விஸ்தாரமாகப் பார்த்தோம். ஆகவே, முதலில் எதை வாங்குவது என்ற கேள்விக்கு விடை காண்பதற்கு முன்னால், எந்த சங்கீதத்தை இதில் வாசிக்கப்போகிறோம் என்பதைத் தீர்மானித்தாக வேண்டும்.

நம் தேசத்தில் இதற்கு ஓர் அரிய முன்னுதாரணம் உண்டு. 1969-ஆம் ஆண்டில் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்கப் பியானோ வித்வான் டேவிட் டியூடர் ஒரு மோக் சிந்தசைசரை அமைத்துக் கொடுத்து, சில மாதங்கள் தங்கிப் பயிற்சியளித்துத் திரும்பினார். 1946-இலேயே நியூயார்க் சென்று, அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜிடம் மேற்கத்திய இசையிலக்கணத்தைக் கற்று, பதிலுக்கு நமது சங்கீதத்தை அவருக்கு எடுத்துரைத்தவரும், பக்வாஜ் வாசிப்பில் தேர்ந்தவருமான கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அந்த யந்திரத்தில் செய்த பரிசோதனைகள் ஒலிநாடாக்களில் பதிவாகி, நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் பல்லாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்து, பால் பர்கஸ் என்னும் கலைஞரின் முயற்சியால் 2023-இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. அவற்றைக் கேட்கும்போது என்னை வசீகரிப்பது இதுதான்: ஒரே யந்திரம், ஆனால் ஜோஷிபுராவின் விண்வெளிக் கற்பனைக்கும் சர்மாவின் நடன இசைக்கும் எத்தனை தூரம்! மேன்மேலும் மாட்யூல்களைச் சேர்த்தால்தான் சங்கீதம் பிறக்கும் என்று நினைக்கும் ஆரம்ப சாதகர் அந்தப் பதிவுகளை ஒருமுறை கேட்பது நலம்.

நான் வசிக்கும் கொச்சி மட்டாஞ்சேரியில், மெஹ்பூப், உம்பாயி ஆகிய பாடகர்கள் பாடி வளர்த்த மெஹ்ஃபில் என்னும் இசைக்கூடல் மரபில், ஹார்மோனியத்துக்குத்தான் இன்றும் முதல் ஸ்தானம். ஆயினும் அந்த வாத்தியத்தின் ரீடுகள் ஒவ்வொன்றும் ஒரே ஸ்வரத்தில் நின்றுவிடுவதால் கமகத்துக்கு அது உதவாது என்ற குற்றச்சாட்டு பழையது. 1940-இல் அகில இந்திய வானொலி அதை விலக்கி வைத்ததற்கும், 1971 வரை அந்தத் தடை நீடித்ததற்கும் அதுவே முக்கிய காரணம். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையே வழுக்கிச் செல்லக்கூடிய ஒரு யந்திரம் அகமதாபாத்தில் ஒலித்துக்கொண்டிருந்த நாட்களிலும் ஹார்மோனியம் வானொலிக்கு வெளியிலேயே நின்றது என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

அந்த வழுக்கல் எப்படி சாத்தியமாகிறது? இந்த வாத்தியத்தில் ஸ்வர ஸ்தானத்தை நிர்ணயிப்பது வோல்டேஜ். ஒரு வோல்ட் கூடினால் நாதம் ஒரு ஸ்தாயி உயரும். இந்த ஏற்பாட்டைப் பரவச் செய்தவர் ராபர்ட் மோக். இரண்டு ஷட்ஜங்களுக்கு இடையிலான அந்த ஒரு வோல்ட்டில் எந்தப் புள்ளியிலும் நாம் நிற்கலாம். ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் பிறக்கும் அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து ஏறக்குறைய 322 மில்லிவோல்ட் தூரத்தில் இருக்க, பியானோவின் சமப்பங்கீட்டில் அது 333 மில்லிவோல்ட்டில் விழுகிறது. தம்பூராவோடு பழகிய செவி இந்தச் சிறு பேதத்தை உடனே உணர்ந்துவிடும். ஆகவே, வோல்டேஜைப் பன்னிரண்டு படிகளில் கட்டாயமாக நிறுத்தும் குவாண்டைசரை முதல் ஆண்டில் வாங்காதீர்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அதற்குப் பதிலாக, ஒரு வோல்டேஜிலிருந்து மற்றொன்றுக்குச் சாவகாசமாகச் செல்லவிடும் ஸ்லூ லிமிட்டர் ஒன்றையும், விரலை இழுத்து வாசிக்கும் ரிப்பன் கன்ட்ரோலர் ஒன்றையும் தேடுங்கள்.

இவற்றோடு, சுருதிக்கு ஒன்றும் ராகத்துக்கு ஒன்றுமாக இரண்டு ஆஸிலேட்டர்கள், ஒரு ஃபில்டர், ஒலியின் எழுச்சியையும் தணிவையும் வகுக்கும் ஒரு என்வலப், மந்தமாக அசைவு தரும் ஓர் எல்.எஃப்.ஓ., ஒரு மிக்ஸர், ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஒரு வெளியீட்டு மாட்யூல், இரண்டு ஆம்ப்ளிஃபையர்கள் ஆகியவை போதும். பகட்டற்ற இந்த ஆம்ப்ளிஃபையரையும் மிக்ஸரையும் அலட்சியம் செய்து, விநோத ஒலி எழுப்பும் மாட்யூல்களில் பணத்தைக் கொட்டியவர்களின் பெட்டியிலிருந்து சப்தம் வருகிறதேயன்றி, அதற்கு மூச்சும் முடிவும் இருப்பதில்லை.

இனிப் பெட்டி. ஜெர்மானியரான டீட்டர் டோப்ஃபர் தொண்ணூறுகளின் மத்தியில் வகுத்த யூரோராக் முறையே இன்று எங்கும் வழங்குகிறது. அதில் மாட்யூலின் உயரம் 128.5 மில்லிமீட்டர், அகலத்தை அளக்கும் எச்.பி. என்னும் அலகு 5.08 மில்லிமீட்டர். தலா 84 எச்.பி. கொண்ட இரண்டு வரிசைகள், அதாவது சுமார் 43 சென்டிமீட்டர் அகலமுள்ள பெட்டி, ஆரம்பத்துக்குத் தாராளம். அதில் பாதியைக் காலியாகவே விட்டுவிடுங்கள். எது குறைகிறது என்பதைச் சில மாத வாசிப்புக்குப் பின் உங்கள் செவியே சொல்லும். ஒவ்வொரு மாட்யூலும் நேர் 12 வோல்ட்டிலும் எதிர் 12 வோல்ட்டிலும் எத்தனை மில்லிஆம்பியர் இழுக்கிறது என்பதைத் தனித்தனியே கூட்டி, அதற்கு மேல் கால்பங்கு மிச்சம் இருக்கும்படியான பவர் சப்ளையைத் தேர்ந்தெடுப்பது விவேகம். பட்டை ஒயரின் சிவப்புக் கோடு எதிர் 12 வோல்ட் முனையில்தான் அமைய வேண்டும்; தலைகீழாகச் செருகினால் மாட்யூல் எரிந்துபோகவும் கூடும்.

மட்டாஞ்சேரியைப் போன்ற துறைமுக ஊர்களில் வசிப்போருக்கு இன்னொரு ஜாக்கிரதை அவசியம். இடவப்பாதி மழை தொடங்கியதும், மிளகுக்கும் சுக்குக்கும் பேர்பெற்ற எங்கள் பண்டகசாலைகளின் சுவர்களே ஈரம் கசியும். அந்தக் காற்றின் உப்பு, ஒயர் செருகும் ஜாக்குகளின் உலோகத்தை அரித்து, நாதத்தில் கரகரப்பை உண்டாக்கும். மூடியுள்ள பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், காலி இடங்களை அடைக்கும் வெற்றுத் தகடுகள் ஆகியவை இங்கே ஆடம்பரம் அல்ல. உஷ்ணம் மாறினால் அனலாக் ஆஸிலேட்டரின் சுருதியும் நகரும் என்பதால், மின்சாரம் பாய்ச்சி அரைமணி நேரம் கழித்தே சுருதி சேர்க்க வேண்டும்.

பணம் செலவழிக்குமுன் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. வி.சி.வி. ராக் என்ற இலவச மென்பொருள், இதே மாட்யூல்களைக் கணினித் திரையில் காட்டி, ஒயர் மாட்டி வாசிக்கவும் விடுகிறது. மேலே சொன்ன மாட்யூல்களை மட்டும் அதில் அமைத்து, ஷட்ஜம் இடைவிடாது ஒலிக்கும் ஒரு சுருதியை உருவாக்கிப் பாருங்கள். அடுத்த வாரம் அந்தச் சுருதியின்மேல் மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களை வோல்டேஜ் கணக்கில் ஒவ்வொன்றாக நிறுத்துவோம்.